அவருக்கு மட்டும் அரை மணி இல்லை

நான் அக்காவின் கட்சி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலையாகக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் வேறு யாரிடமாவது போய்க் கேட்டுக்கொள்ளலாம். பதினான்கு வருடமாக அவளுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருக்கிறவள் நான். அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்ட மாதிரி வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

எங்கள் பயண அலுவலகம் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கிறது. இரண்டு மேசை, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முதலாளி, இருமிக்கொண்டே அச்சடிக்கும் ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார நான்கு நாற்காலி. தங்குகிற இடம் பார்த்துக் கொடுப்பது என் வேலை. எந்த வண்டியில் ஏறி, எங்கே இறங்கி, எந்த வாசல் வழியாக வெளியே வந்து, எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுப்பது அக்காவின் வேலை. அந்தத் தாளுக்கு ஊரில் தனி மரியாதை. அதை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்பார்கள். கண்ணை மூடினால் தாளை எப்படிப் படிப்பது என்று கேட்காதீர்கள், பேச்சுக்குச் சொல்வதுதான்.

இத்தனைக்கும் அக்கா எந்த ஊருக்கும் போனதில்லை. முதலில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பிறகு அம்மாவுக்கு. அவர்கள் காலம் முடிந்தபோது வேலை பிடித்துக்கொண்டது. ஊர் ஊராகப் போய்த் திரும்புகிறவர்களை உட்கார வைத்து விசாரிப்பாள். போலீஸ் தோற்றுவிடும். "மெட்ரோல இருந்து மேல வர எத்தனை படி? எண்ணலையா? நகர்ற படிக்கட்டு வேலை செஞ்சுதா? வெளிய வந்ததும் வெயில் முகத்துல அடிச்சுதா, முதுகுல அடிச்சுதா?" எல்லாவற்றையும் நீல அட்டை போட்ட நோட்டில் எழுதிக்கொள்வாள். வரைபடத்தில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கால்களாக்கி நடந்து பார்ப்பாள். சிக்னலில் விரல் நிற்கும். நான் சிரித்தால் முறைப்பாள்.

அவளுக்கு ஊர் வைத்த பெயர் அரைமணி. காரணம் இருக்கிறது. நம் ஜனங்களிடம் ஆறு மணி என்று சொன்னால் ஆறுக்குத்தான் குளிக்கப் போவார்கள். ஆகவே அக்கா எந்தத் தாளிலும் உண்மையான நேரத்தைப் போட மாட்டாள். வண்டி ஏழுக்கு என்றால் ஆறரை என்று அச்சடிப்பாள். பதினெட்டு வருடத்தில் அவள் தாளை வைத்திருந்த ஒருவரும் வண்டியைத் தவறவிட்டதில்லை. வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு இந்த ரகசியம் தெரியாது. அவள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அதிலும் அவள் அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். "என் தங்கச்சி போட்ட நேரத்தோட அரை மணி கூட்டிக்கணும், அதான் கணக்கு" என்று நாலு பேர் முன்னால் சொல்லி, சொன்னபடியே அரை மணி கழித்து வந்து, சரியாக வண்டி புறப்படும்போது ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அவள் அடுத்தவர்களுக்காகச் செய்கிற காரியம் அவருக்கு ஒரு வேடிக்கை.

அந்த மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். ஊரில் கேப்டன் என்றால்தான் தெரியும். ஒரு காலத்தில் ஊர்க் கால்பந்து அணிக்கு மூன்று வருடம் கேப்டனாக இருந்தார். அணி கலைந்தது, தலைமுடியும் கலைந்தது, பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கடையில் ஆணி நிறுக்கும்போதுகூட யாராவது "கேப்டன்" என்று கூப்பிட்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

அந்த வீட்டில் கேப்டனைவிட நன்றாக ஆடியது அக்கா. கோல்கீப்பர். இன்றைக்கும் அவள் மேசையிலிருந்து எது விழுந்தாலும் தரையைத் தொடாது. பஞ்சிங் மெஷின் விழும், பேச்சை நிறுத்தாமல் கை மட்டும் போய்ப் பிடித்துக்கொண்டு வரும். முதலாளி ஒருமுறை விளையாட்டுக்குக் காகிதக் கட்டைத் தூக்கிப் போட்டார். அதைப் பிடித்துத் திருப்பி எறிந்ததில் அவர் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கிவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், மின்சாரம் போன ஒரு மத்தியானம், அக்கா எனக்கு அந்தக் கடிதத்தைக் காட்டினாள். பத்தொன்பது வயதில் அவளுக்கு வந்தது. தேசியப் பெண்கள் அணிக்கான பயிற்சி முகாமுக்கு அழைப்பு. இந்தத் தேதிக்குள் இந்த நகரத்துக்கு வந்து சேரவும், வரவில்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று இரண்டே பத்தி. அது வந்த மாதத்தில்தான் அண்ணனை ஆண்கள் தேர்வில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கடிதம் அவர் கைக்குத்தான் போயிருக்கிறது. பிரித்திருக்கிறார், படித்திருக்கிறார், தன் பூட்ஸ் வந்த பழைய பெட்டியில் அடிக்காகிதத்துக்குக் கீழே வைத்துவிட்டார். அக்கா தினமும் வாசலில் தபால்காரருக்காக நின்றாள். தேதி போனது. தான் தேறவில்லை என்று நினைத்துக்கொண்டாள். கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டச்சு படிக்கப் போனாள்.

ஒன்பது வருடம் கழித்து அண்ணன் வீடு மாறியபோது அண்ணிதான் அந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறாள். குப்பையோடு போட்டிருக்கலாம், கணவனிடமே கொடுத்திருக்கலாம். அண்ணி இரண்டும் செய்யவில்லை. நேராக அக்காவிடம் வந்து, "இது உன் பேருக்கு வந்திருக்கு" என்று கையில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அழுதாளாம். அக்கா அழவில்லை.

"அண்ணன்கிட்ட கேக்கலையா?" என்றேன் நான்.

"கேக்கல."

"ஏங்க்கா? நாலு கேள்வி நறுக்குன்னு கேட்டிருக்கலாம்ல?"

"சண்டை போட்டா ஒரே நாள்ல முடிஞ்சு போயிடும்டி. அவர் கத்துவாரு, நான் கத்துவேன், அம்மா நடுவுல வந்து அழுவாங்க, சாயந்திரம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். அவ்வளவு சுலபமா முடிய விட மாட்டேன்."

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். அக்கா அட்டவணை போட்டுக் கொல்கிற ஜாதி என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

உலகக் கோப்பை நடக்கப்போகும் நகரங்களில் ஒன்று எங்கள் ஊரிலிருந்து எட்டு மணி நேர ரயில் தூரத்தில் இருந்தது. அறிவிப்பு வந்த நாளிலிருந்து எங்கள் மாடிப்படி ஓயவில்லை. டிக்கெட்டைக் குலுக்கலில்தான் கொடுத்தார்கள். கேப்டனின் கூட்டாளிகள் பதினேழு பேர் மனுப் போட்டதில் ஒருவருக்கும் விழவில்லை. கேப்டனுக்கு விழுந்தது. அதுவும் அரையிறுதி. அவர் சின்ன வயதிலிருந்து எந்த அணிக்காக உயிரை விடுகிறாரோ அதே அணி அதில் ஆடும் என்று பிறகு தெரிந்தது. அதிர்ஷ்டம் சில பேர் வீட்டுக் கதவைத்தான் தட்டும், முகவரி விசாரிக்காது.

அன்றைக்கு அவர் மாடி ஏறி வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முட்டி வலி, ஆனாலும் இரண்டிரண்டு படியாக ஏறினார். பின்னால் அண்ணி, கையில் குடை.

"என்ன தங்கச்சி, பாத்தியா? உன் அண்ணன் போறான். செமி ஃபைனல்!" என்று தாளை மேசையில் அடித்தார்.

"பாத்தேண்ணா. ரெண்டு டிக்கெட் போல."

"ரெண்டு என்ன ரெண்டு. ஒரு ஆளுக்கு ஒண்ணுதான்னாங்க, அதனால இவ பேருலயும் ஒண்ணு போட்டு வச்சேன். இப்ப பேரை மாத்த முடியாதாம். இவளைக் கூட்டிட்டுப் போயே ஆகணும். பந்து உருண்டையா இருக்கும்ங்கறதத் தவிர இவளுக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு டிக்கெட் வீணாப் போகுது."

அண்ணி சிரித்தாள். வருடக்கணக்காகச் சிரித்துப் பழகிய சிரிப்பு. குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எல்லாம் நீதான் போட்டுக் குடுக்கணும். ரயிலு, ஓட்டல், கேட்டு, எல்லாம். நான் எதையும் பாக்க மாட்டேன்" என்றார் கேப்டன். எழுந்தவர் வாசல்வரை போய்த் திரும்பினார். "நீயும் அந்தக் காலத்துல கோல்ல நின்னவதானே? என்னமோ ரெண்டு நாள். கால்பந்துன்னா என்னன்னு நேர்ல பாத்துட்டு வந்து சொல்றேன், கேட்டுக்கோ."

அக்கா தலையாட்டினாள். அவர் படி இறங்கும் சத்தம் அடங்கியதும் கையிலிருந்த பென்சிலை மேசையில் வைத்தாள். இரண்டு துண்டாக இருந்தது.

அன்றிலிருந்து மூன்று வாரம் அக்கா அந்த ஒரு தாளைச் செதுக்கினாள். அவள் போட்ட திட்டங்களிலேயே அதுதான் பெரிது. மைதானத்துக்கு எட்டு வாசல். அவர்கள் இருக்கைக்கு ஆறாவது வாசல்தான் கிட்டம். மெட்ரோவில் இரண்டாம் வழியில் வெளியே வந்தால் கூட்டம் நசுக்கும், நான்காம் வழியில் வந்தால் முப்பத்தாறு படி கூடுதல், ஆனால் நிழல். சோதனை வரிசையில் ஐம்பது நிமிடம் நிற்க வேண்டும். இந்த அளவுக்கு மேல் பை கொண்டுபோகக் கூடாது. தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றிவிடுவார்கள். முட்டி வலிக்கிறவருக்கு லிஃப்ட் இருக்கிற ஓட்டலாகப் பார்க்கச் சொல்லி என்னை மூன்று தடவை மாற்ற வைத்தாள்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அந்த ஆளுக்கு எதுக்குக்கா இப்படி உருகறீங்க? ரெண்டாம் வழியிலயே போய் நசுங்கட்டுமே!"

"சும்மா இருடி. தாள்ல ஒரு ஓட்டை இருந்தாலும் அந்த ஓட்டையாலதான் கெட்டுச்சும்பாரு. ஒரு ஓட்டையும் இருக்கக் கூடாது. அவராலதான் கெடணும்."

எனக்குப் புரியவில்லை. கடைசி வாரம் அவள் பிரிண்டரில் கொடுத்த தாள்களை நான்தான் எடுத்துக் கத்தரித்து உறையில் போட்டேன். போட்டிக்கென்று விட்ட சிறப்பு ரயிலில் எங்கள் அலுவலகம் ஒரு பெட்டியை மொத்தமாக எடுத்திருந்தது. பயணச்சீட்டு எங்கள் கையில் ஒரே கட்டாக இருந்ததால் பயணிகளுக்குத் தெரிந்த நேரம் அக்காவின் தாளில் உள்ளதுதான். ரயில் காலை ஆறு பத்துக்கு. எல்லாருடைய தாளிலும் ஐந்து நாற்பது என்று இருந்தது. கேப்டனின் தாளை எடுத்தேன். ஆறு பத்து.

"அக்கா, இதுல அரை மணி எடுக்க மறந்துட்டீங்க."

"மறக்கல."

நான் தாளைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். அவள் ஸ்டேப்ளருக்குப் பின் போட்டுக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆறு பத்தோடு அரை மணி கூட்டினால் ஆறு நாற்பது. கேப்டன் ஆறரைக்குச் சாவகாசமாக வருவார். அதை விட்டால் அடுத்த ரயில் இரவு ஒன்பதுக்குத்தான் நகரத்துக்குள் நுழையும். ஆட்டம் மாலை ஆறுக்கு. விமானத்தில் மூன்று வாரமாக இடமில்லை. காரில் போனால் மலையைச் சுற்றிக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம்.

பதினெட்டு வருடத்தில் அக்கா ஒருவருக்கும் உண்மையைச் சொன்னதில்லை. முதல் உண்மையைத் தன் அண்ணனுக்காக எடுத்து வைத்திருக்கிறாள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது சரிதான்.

"அண்ணி என்ன பாவம் பண்ணாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"அவங்கள விடுவேனா? அஞ்சரைக்கே ஸ்டேஷன் வந்துடுங்க, பேர் சரிபாக்க ஆள் வேணும்னு சொல்லிட்டேன். அவரு கால்பந்து கிளப்புல கூட்டாளிங்களோட போட்டோ எடுத்துக்கிட்டு, அங்க டீ குடிச்சிட்டுப் பின்னாடி வர்றாராம்." ஸ்டேப்ளரை ஒரு அடி அடித்தாள். "வரட்டும்."

உறையை ஒட்டி மேலே கேப்டன் என்று எழுதியது நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அன்றைக்கு இன்னும் நன்றாக எழுதினேன்.

புறப்படும் நாள் காலையில் நடைமேடையில் வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. எங்கள் பெட்டி ஏழாவது. அதன் வாசலில் நானும் அக்காவும் அட்டையில் பட்டியலைக் கிளிப் போட்டுக்கொண்டு நின்றோம். ஐந்து நாற்பது என்று தாள் வாங்கியவர்கள் ஐந்து ஐம்பதிலிருந்து ஒவ்வொருவராக ஓடி வந்தார்கள், மூச்சு வாங்க, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. நான் பேரில் டிக் அடித்தேன். கன்னத்தில் அணி நிறம் பூசிய கணவன் மனைவி, கைக்குழந்தைக்கும் ஜெர்சி போட்ட ஒரு ஆசிரியை, ஊதலை ஊதி ஊதி எல்லாருடைய வாயிலும் விழுந்த ஒரு பேங்க்காரர். அண்ணி சொன்னபடி முன்னாலேயே வந்திருந்தாள். இரண்டு பை, அந்தக் குடை, புதுச் செருப்பு. தன் பெயரைப் பட்டியலில் தானே டிக் அடிக்கலாமா என்று கேட்டு அடித்துக்கொண்டாள்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு எல்லாருக்கும் டிக் விழுந்துவிட்டது, ஒரு பேரைத் தவிர. கார்டு நடைமேடையில் நடந்து வர ஆரம்பித்தார். பெட்டிக் கதவுகளைச் சாத்திக்கொண்டே போனார்கள்.

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். "என்ன, கதவெல்லாம் சாத்தறாங்க? ஆறு நாற்பதுக்குத்தானே வண்டி? தாள்ல ஆறு பத்துன்னு பாத்தேன். உன் அரை மணியச் சேத்தா ஆறு நாற்பது."

அக்கா அட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தடவை அரை மணி இல்லையா?" என்றாள் அண்ணி மெல்ல.

மற்ற யார் கேட்டிருந்தாலும் அக்கா சமாளித்திருப்பாள். அண்ணியிடம் அவளால் பொய் சொல்ல முடியாது. "இல்ல அண்ணி. அவருக்கு மட்டும் இல்ல."

கிளப் இருக்கும் தெருவிலிருந்து ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிடம். மணி ஆறு. அண்ணி ஒரு போன் அடித்தால் போதும், அந்த மனிதர் கூட்டாளிகளின் பைக்கில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்து, வழக்கம்போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். பதினெட்டு வருட வன்மம் ஒரு போனில் அடங்கியிருந்தது. அண்ணி பையைத் திறந்து போனை எடுத்தும் விட்டாள்.

"அந்தப் பெட்டிக் காகிதமா?" என்று கேட்டாள்.

"ஆமா."

அண்ணி போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம் இருக்கும். எனக்கு அது ஒரு வருடம். அக்கா தடுக்கவில்லை, கெஞ்சவில்லை. முகம் மட்டும் கல்லாக இருந்தது. வேண்டாம் என்று கத்தலாமா என்று நான் நினைத்தேன்.

"எத்தனை கல்யாணத்துக்கு வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டு நின்னிருப்பேன் இந்த மனுஷனுக்காக" என்றாள் அண்ணி. "ஒரு டிக்கெட் வீணாப் போகுதுன்னாரே, எது வீணாப் போகுதுன்னு பாத்துடலாம்." போனை அணைத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அந்த ஜிப் சத்தம் என் காதில் தேனாகப் பாய்ந்தது.

பெட்டியில் ஏறினாள். ஏறினவள் திரும்பி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீயும் ஏறு."

"நானா?"

"சீட்டு காலியாத்தானே இருக்கு? மைதானத்துக்குள்ள அவர் பேருல விட மாட்டாங்க, சரி. ஊரைப் பாரு. அந்தப் படியெல்லாம் நீயே எண்ணிக்கோ. எனக்கு நாலாம் வழி எதுன்னு தனியா எப்படித் தெரியும்? ஏறு."

நானும் தள்ளினேன். "ஏறித் தொலைங்கக்கா! முதலாளிய நான் பாத்துக்கறேன். ரெண்டு நாள்தானே? ஏறுங்க!"

கார்டு கொடியை விரித்தார். அக்காவின் ஒரு கால் படியில் இருந்தது, சத்தியமாக இருந்தது, நான் பார்த்தேன். பிறகு அவள் தலை ஸ்டேஷன் வாசல் பக்கம் திரும்பியது.

"இல்ல அண்ணி. அவர் மூஞ்சிய நான் பாக்கணும்."

"அந்த மூஞ்சிய நான் தினம் பாக்கறேன், அதுல ஒண்ணும் இல்ல!" என்று அண்ணி கத்தினாள். வண்டி நகர்ந்துவிட்டது. பிடித்த கை நீண்டு நீண்டு, விட்டுப் போனது. அக்கா படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டாள்.

கேப்டன் ஆறு முப்பத்திரண்டுக்கு வந்தார். அணி ஜெர்சி, கழுத்தில் துண்டு, இரண்டு பக்கமும் கூட்டாளிகள், ஒருவர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு பின்னோக்கி நடந்துவந்தார். காலியான தண்டவாளத்தைப் பார்த்தும் கேப்டனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"வண்டி இன்னும் வரலையா? பாத்தீங்களாடா, நாமதான் சீக்கிரம்!"

"போயிடுச்சுண்ணா" என்றாள் அக்கா.

"எது?"

"வண்டி. ஆறு பத்துக்கு."

"ஆறு நாற்பதுதானே? நீ ஆறு பத்துன்னு போட்டிருந்தே..."

"ஆமா. ஆறு பத்துன்னுதான் போட்டிருந்தேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். விரித்தார். படித்தார். மறுபடி படித்தார். அது ஒரு எழுத்துப் பிழையில்லாத தாள். முகத்திலிருந்து இரத்தம் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். வீடியோ எடுத்தவர் போனைத் தாழ்த்திக்கொண்டார். எங்களுக்கு எது வேண்டுமோ அது அப்படியே, குறைவில்லாமல் கிடைத்தது. ஐம்பது வயதில் அந்த மனிதர் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"ஏன்?" என்றார். "அந்த அரை மணிய ஏன் எடுக்கல? எனக்கு இது எவ்வளவு பெரிசுன்னு தெரியாதா உனக்கு? முப்பது வருஷக் கனவு! என்ன பண்ணேன் நான் உனக்கு?"

அக்கா இந்தக் கேள்விக்காகத்தான் பதினெட்டு வருடம் காத்திருந்தாள். பதிலையும் மனப்பாடமாக வைத்திருந்தாள் என்று நினைக்கிறேன். கூட்டாளிகள் முன்னாலேயே நிதானமாகச் சொன்னாள்.

"என் லெட்டர ஒளிச்சு வச்சீங்க."

"எந்த லெட்டர்?"

அவர் நடிக்கவில்லை. எனக்கும் அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது, ஆனாலும் சொல்கிறேன், அவர் நடிக்கவில்லை. கண்ணைச் சுருக்கி யோசித்தார். கடையில் எந்தத் தட்டில் எந்த ஆணி இருக்கிறது என்று யோசிக்கிற மாதிரி யோசித்தார். அக்கா முகாம் என்றாள், தேதி சொன்னாள், பூட்ஸ் பெட்டி என்றாள். மெல்ல மெல்ல அவருக்கு வந்தது.

"ஓ... அதுவா? ஆமா, எனக்குக் கிடைக்கலன்னு ஒரு கடுப்புல... அட, அது எப்பவோ முடிஞ்சு போன கதை இல்லையா? அதுக்கா இது? நீ போயிருந்தா மட்டும் பெரிசா என்ன ஆகியிருக்கும்?"

"தெரியலண்ணா" என்றாள் அக்கா. "என்ன ஆகியிருக்கும்னு எனக்கும் தெரியல. இருபத்தேழு வருஷமா அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

கூட்டாளிகள் தரையைப் பார்த்தார்கள். கேப்டன் அண்ணி ஞாபகம் வந்து போனை எடுத்து அடித்தார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் அவருக்கு மரியாதையாகச் சொன்னது. மறுபடி அடித்தார். மறுபடியும் சொன்னது. கடைசியில் கூட்டாளிகள் ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கி எழுப்பிக்கொண்டு போனார்கள். ஜெர்சியின் முதுகில் பத்து என்று போட்டிருந்தது. போகும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராமலா போகும்! "எப்படிக்கா இருக்கு?" என்றேன். "மூஞ்சியப் பாத்தீங்கல்ல? போதுமா?"

அக்கா பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்த இடத்தைத் தவிர்த்து ஓரமாக உட்கார்ந்தாள். பட்டியல் அட்டை மடியில் இருந்தது. டிக் விழாத அந்த ஒரு பெயரின் மேல் விரலை வைத்திருந்தாள்.

"ஞாபகமே இல்லையேடி அவருக்கு" என்றாள்.

துப்புரவுக்காரர் நடைமேடையைக் கூட்டிக்கொண்டே வந்தார். நாங்கள் காலைத் தூக்கிக்கொண்டோம். அவர் எங்களைத் தாண்டிப் போனார்.

"இப்ப ஆத்துப் பாலம் தாண்டியிருக்கும்" என்றாள் அக்கா. "ஏழு அஞ்சுக்கு முதல் ஸ்டேஷன். அங்க இடப்பக்கம் ஒரு ஏரி தெரியுமாம், எல்லாரும் சொல்லுவாங்க." அவள் விரல்கள் இரண்டும் அட்டையின் மேல் ஓரடி எடுத்து வைத்துவிட்டு நின்றன.

"இவளே, அந்த சீட்டு காலியாத்தான் போகுது, இல்ல?"

"ஆமாக்கா" என்றேன். "காலியாத்தான் போகுது."